நீலகிரியில் ஒரு பன்னாட்டுப் பள்ளி: ஐந்தாண்டுகளுக்குப் பின் ஒரு தாயின் மதிப்பீடு

என் மகனை எட்டாம் வகுப்பில் சேர்த்த அன்று பள்ளி அலுவலகத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள். அதில் நாற்பது பக்கங்கள் பாடத்திட்டத்தைப் பற்றியும், ஒன்றரைப் பக்கம் மாணவர் ஆதரவைப் பற்றியும் இருந்தன. நானும் என் கணவரும் அந்த நாற்பது பக்கங்களை இரவெல்லாம் விழித்திருந்து படித்தோம். ஒன்றரைப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனோம். மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் சென்ற ஆண்டு வெளியே வந்துவிட்டான். இப்போது திரும்பிப் பார்க்கையில், மேட்டுப்பாளையத்தில் இருந்த மனையை விற்று நாங்கள் செலுத்திய கட்டணத்தில் பெரும்பங்கு அந்த ஒன்றரைப் பக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

நான் குன்னூரில் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. கணவர் வங்கியில் பணிபுரிகிறார். கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை உண்டு. மகன் விடுதியில் தங்கவில்லை. தினமும் வீட்டிலிருந்து பள்ளிப் பேருந்தில் போய் வந்தான். ஆகவே விடுதி, உணவு ஆகியவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. படிப்பையும், படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குக் கிடைக்கும் துணையையும் பற்றி மட்டுமே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நம் மலைகளில் உறைவிடப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-இல் தொடங்கியது. ஹெப்ரான் பள்ளி 1899-இல். பழனி மலையில் 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் பள்ளிதான் 1976-இல் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியா) என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் டிப்ளமோவை இந்தியாவுக்கு முதன்முதலில் கொண்டுவந்தது. அதன்பின் வந்தவை பல. இவற்றில் எதைப் பார்க்கப் போகிறவருக்கும் கீழே எழுதியிருப்பது உதவும் என்று நம்புகிறேன்.

நாங்கள் தேர்ந்த பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பன்னாட்டுத் தேர்வுக்கான படிப்பு, அதன்பின் பிளஸ் டூ அளவிலான இரண்டாண்டு ஐ.பி. டிப்ளமோ. முதலாவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஏ ஸ்டார் முதல் ஜி வரை தரநிலை தருவார்கள். கணிதம் போன்ற பாடங்களில் ‘கோர்’, ‘எக்ஸ்டெண்டட்’ என்று இரண்டு தடங்கள் உண்டு. கோர் தடத்தில் தேர்வெழுதும் பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரநிலைக்கு மேல் பெற முடியாது. நம் நாட்டுக் கல்லூரிகளுக்கு வர நினைப்பவர்கள் இதை ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுத் தெளிய வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பத்தாம் வகுப்புக்கு இணையாக இதை ஏற்க, குறைந்தது ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் தேவை. இந்த விவரங்களை எங்கள் பள்ளி முதல் பெற்றோர் கூட்டத்திலேயே பலகையில் எழுதி விளக்கியது. ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கிய பெற்றோருக்காக ஓர் ஆசிரியர் தமிழிலும் சொன்னார். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

என் மகன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப்பிழையோடுதான் எழுதுவான். முந்தைய பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் அட்டையில் ‘கவனக்குறைவு’ என்ற ஒரே சொல் வந்துகொண்டிருந்தது. நானும் அதையே நம்பினேன். ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதுவான். ‘கொடு’ என்பது ‘கெடு’ ஆகிவிடும். தமிழாசிரியை வீட்டுப் பிள்ளை இப்படி எழுதலாமா என்று ஐம்பது முறை, நூறு முறை எழுத வைத்திருக்கிறேன். எழுதும்போது அவன் கண்ணீர் தாளில் விழுந்து மை கலங்கியதையும் பார்த்திருக்கிறேன். அப்படியும் நான் நிறுத்தவில்லை. இதை இங்கே எழுதுவது எனக்கு எளிதன்று. ஆனால் இதே நிலையில் இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்தில் பள்ளியிலிருந்து என்னை அழைத்தார்கள். கற்றல் ஆதரவு மையம் என்று பெயர்ப்பலகை இருந்த அறை, நூலகத்துக்குப் பின்புறம், இரண்டு ஜன்னல்களோடு சிறியதாக இருந்தது. அங்கிருந்த ஆசிரியை கோவைக்காரர். மகனுடைய மூன்று பாட நோட்டுகளை வரிசையாக விரித்து வைத்திருந்தார். புகார் எதுவும் சொல்லவில்லை. பிழைகளைப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, எந்த வகைப் பிழை எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஓரத்தில் எண்ணி வைத்திருந்தார்.

“டீச்சர், உங்க பையன் சோம்பேறி இல்ல. ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லை அவன் புதுசாத்தான் பார்க்கிறான்” என்றார்.

பின்னர் அவர் என்னிடம் கேட்டது ஒரு தமிழ்க் கேள்வி. கொகரத்தை எழுத எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வேண்டும் அல்லவா, உங்கள் மகன் பெரும்பாலும் எதை விடுகிறான் என்று கேட்டார். காலைத்தான் விடுகிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘கொடு’ ‘கெடு’ ஆனது அதனால்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். அந்தப் பிழைக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது என்பதை ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றின் சிறிய அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

இது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாடு, என்று உறுதிப்படுத்தப் பள்ளியால் இயலாது. அதற்குத் தகுதி பெற்ற உளவியலாளரின் மதிப்பீடு தேவை. கோவைக்குப் போய் இரண்டு நாள் இருந்து எடுத்து வந்தோம். அந்தச் செலவு எங்களுடையதே. ஆனால் அறிக்கை வந்த மறுவாரமே பள்ளியில் ஒரு கூட்டம் நடந்தது. வகுப்பாசிரியர், ஆங்கில ஆசிரியர், கணித ஆசிரியர், மையத்தின் ஆசிரியை, ஆலோசகர், நாங்கள் இருவர், மகன் என்று எட்டுப் பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவனை வெளியே அனுப்பாமல் உள்ளே உட்கார வைத்ததை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன். உனக்கு எது கடினமாக இருக்கிறது என்று அவனிடமே கேட்டார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது கடினம் என்றான். அடுத்த நாள் முதல் குறிப்புகள் அச்சிட்ட தாளாக அவன் கைக்கு வந்தன.

வாரத்துக்கு மூன்று பிரிவேளை அந்த அறையில் அவனுக்குப் பயிற்சி. தடித்த அட்டையின் நடுவே ஒரு வரி அளவுக்கு வெட்டிய ஒரு சிறு சன்னல் கொடுத்தார்கள். புத்தகத்தின் மீது வைத்து நகர்த்தினால் ஒரு வரி மட்டும் தெரியும். மணல் பரப்பிய தட்டில் ஒலியை வாய்விட்டுச் சொல்லியபடி விரலால் எழுதுவான். பாடப்பகுதியை ஒலிப்பதிவாகக் கேட்டுவிட்டுப் பிறகு வாசிப்பான். பத்துப் பக்க ஒப்படைப்பு ஒன்றை ஐந்து சிறு வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி குறித்துக் கொடுப்பார்கள். இவற்றில் எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. பொறுமையும், ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கிய நேரமும், செய்வதை அறிந்து செய்யும் ஓர் ஆசிரியையும்தான் தேவைப்பட்டன. ஓராண்டில் அவன் பிழையின்றி எழுதத் தொடங்கிவிடவில்லை. இன்றும் பிழை செய்வான். ஆனால் தாளைக் கண்டதும் உடல் விறைக்கும் பழக்கம் போய்விட்டது.

தேர்வுச் சலுகைகளையும் பள்ளி முறையாகப் பெற்றுத் தந்தது. கேம்பிரிட்ஜ், ஐ.பி. இரண்டுமே உரிய அறிக்கை இருந்தால் நூற்றுக்கு 25 விழுக்காடு கூடுதல் நேரம் தருகின்றன. கையால் எழுதுவதற்குப் பதில் கணினியில் தட்டச்சு செய்யவும் அனுமதி பெறலாம். ஆனால் இவற்றுக்குத் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் நேரடியாகக் கேட்க முடியாது. எங்கள் பள்ளியின் தேர்வு அலுவலர் தேதியைத் தவறவிடவில்லை. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. நம் அரசுத் தேர்வுகள் இயக்ககமும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் தருகிறது. ஆகவே சலுகை என்பது பணக்காரப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. யாராவது நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பெற்றோரை அழைக்க வேண்டும்; எங்கள் விஷயத்தில் அதைச் செய்தது இந்தப் பள்ளி.

பதினொன்றாம் வகுப்பில் ஐ.பி. டிப்ளமோ. தொகுதிக்கு ஒன்றாக ஆறு பாடங்கள், மூன்று உயர்நிலை, மூன்று பொதுநிலை. உயர்நிலைப் பாடத்துக்கு 240 மணி நேரமும் பொதுநிலைக்கு 150 மணி நேரமும் வகுப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் 7 புள்ளி என்று 42, அதோடு ஓர் ஆய்வுக் கட்டுரைக்கும், எதையும் நாம் எப்படி அறிகிறோம் என்று ஆராயும் அறிவுக் கோட்பாடு என்ற வகுப்புக்கும் சேர்த்து 3, ஆக மொத்தம் 45. தேறுவதற்கு 24 புள்ளியாவது வேண்டும். பாடங்களைத் தேரும் இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பெற்றோர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். ஆறாவது தொகுதி கலைப் பாடம். ஆனால் அதை விட்டுவிட்டு இன்னோர் அறிவியலையோ சமூக அறிவியல் பாடத்தையோ எடுக்க விதி இடம் தருகிறது. பொறியியலுக்குப் போக நினைக்கும் பிள்ளை இயற்பியல், வேதியியல் இரண்டையும் எடுக்க வேண்டுமானால் வழி இதுதான். கணிதத்திலும் இரு பாடங்கள் உண்டு. பகுப்பாய்வு சார்ந்த கணிதத்தை எடுக்காமல் பயன்பாட்டுக் கணிதத்தை எடுத்துவிட்டுப் பின்னர் வருந்திய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். என் மகன் பொருளியல், புவியியல், உயிரியல் மூன்றையும் உயர்நிலையில் எடுத்தான். ஆங்கிலம், தொடக்கநிலைப் பிரெஞ்சு, பயன்பாட்டுக் கணிதம் ஆகியவை பொதுநிலை.

டிப்ளமோவில் 4000 சொல்லுக்குள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எழுதுவதற்கே அஞ்சிய பிள்ளைக்கு இது மலையாகத் தெரிந்தது. பொருளியல் ஆசிரியர் அவனிடம் தலைப்பு எதையும் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில் எதைப் பற்றி அதிகம் பேசுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். பச்சைத் தேயிலை விலை என்று இவன் சொல்லியிருக்கிறான். நீலகிரியில் அதைப் பேசாத வீடு ஏது? தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டத்துக்கென அறிவிக்கும் இலை விலை, குன்னூர் ஏலத்தில் தூள் விற்கும் விலை, விவசாயி கையில் உண்மையில் வந்து சேரும் தொகை, இம்மூன்றுக்கும் இடையே உள்ள இடைவெளியே அவனுடைய கேள்வியாயிற்று. கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை கொடுப்பவர்களையும் தனியார் தொழிற்சாலைக்குக் கொடுப்பவர்களையும் தனித்தனியே பார்த்தான். எங்கள் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) இலை எடை போடும் கொட்டகையில் மாலை நேரங்களில் நின்று, படுகர் பெரியவர்களிடமும் தோட்ட வேலைக்கு வரும் பெண்களிடமும் பேசிக் கைப்பேசியில் பதிந்து கொண்டான். ஒரு பாட்டி, தன் ரசீதுகளைத் துணிப்பையில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து இவன் முன் கொட்டினாராம். அந்த ரசீதுகளை ஆண்டு வாரியாக அடுக்கி அட்டவணை போட எங்கள் வீட்டுக் கூடமே ஒரு வாரம் போதவில்லை.

ஆசிரியர் விதிப்படி மூன்று முறை முறையாக உட்கார்ந்து கலந்துரையாடினார். கடைசிச் சந்திப்பு வாய்மொழித் தேர்வு போன்றது. ஒரு வரியைக்கூட அவர் எழுதித் தரவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனெனில் பிழைகள் அப்படியே இருந்தன. கணினியின் எழுத்துப்பிழை திருத்தியால் சரிசெய்ய இவனே கற்றுக்கொண்டான். முடித்த கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினான். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். ஒரு பாடத்திட்டத்தின் தரத்தை இதைவிட நெருக்கமாக நான் பார்த்ததில்லை.

அறிவுக் கோட்பாட்டு வகுப்பு அவனுக்குப் பிடித்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சேவை, செயல், படைப்பு என்று 18 மாதம் நடக்கும் பகுதி ஏமாற்றமளித்தது. சோலைக்காட்டு ஓரத்தில் உண்ணிச்செடி பிடுங்கியது நல்ல வேலை. மற்றவை பெரும்பாலும் புகைப்படம் எடுத்துக் கோப்பில் ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. பிள்ளைகளுக்கே அது தெரிந்திருந்தது.

பெரிய குறைகள் மூன்று. முதலாவது, பதினொன்றாம் வகுப்பின் நடுவில் உயிரியல் ஆசிரியர் விலகினார். அடுத்தவர் வர ஒன்பது வாரங்கள் ஆயின. உயர்நிலைப் பாடத்தில் ஒன்பது வாரம் என்பது சிறிய இழப்பன்று. இடைக்காலத்தில் வேறு வகுப்பு ஆசிரியர் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டு ஆசிரியர்களும் வெளிமாநில ஆசிரியர்களும் மலையில் நீண்டகாலம் தங்குவது அரிது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரிந்திருந்தும் மாற்று ஏற்பாடு இல்லாமலிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டணத்தில் எந்தக் கழிவும் தரவில்லை. கற்றல் ஆதரவுக்குத் தனிக் கட்டணம், தேர்வுக்குத் தனிக் கட்டணம் என்று சேர்க்கையின்போது சொல்லாத தொகைகள் பின்னால் வந்தன என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டாவது குறை என் நெஞ்சில் தைத்தது. தமிழ் எட்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு பிரிவேளை, அதுவும் தேர்வு இல்லாத பாடமாக இருந்தது, அதன்பின் இல்லை. பள்ளிச் சமையலறையிலும் தோட்டத்திலும் பேருந்திலும் தமிழே ஒலிக்கிறது; வகுப்பறைக்குள் அதற்கு ஒரு நாற்காலி போடவில்லை. ஐ.பி. முறையிலோ, ஆசிரியர் இல்லாவிட்டாலும் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் ஆதரவோடு மாணவரே படித்துப் பொதுநிலையில் தேர்வெழுத ஏற்பாடு இருக்கிறது. இரு மொழி இலக்கியத்திலும் தேறுபவருக்கு இருமொழி டிப்ளமோ என்றே வழங்குகிறார்கள். இப்படி ஒரு வழி இருப்பதைப் பள்ளி எந்தப் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. மகன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன பிறகு நானே தற்செயலாக அறிந்தேன். என் மகனுக்கு அது பொருந்தியிருக்காது என்பது உண்மை. அவனோடு படித்த இரண்டு பெண் பிள்ளைகள் கவிதை எழுதுகிறவர்கள், அவர்களுக்குப் பொருந்தியிருக்கும்.

மூன்றாவது, கல்லூரி வழிகாட்டல். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் ஆலோசகரின் விரல்நுனியில் எல்லாம் இருந்தன. நம் மாநிலக் கல்லூரி என்றதும் கை விரித்தார். மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில்தான் வருகிறது. நம் பிளஸ் டூ பிள்ளைகள் மே மாதமே மதிப்பெண்ணோடு நிற்கிறார்கள். இந்த இடைவெளியில் எந்தக் கல்லூரி தற்காலிகச் சேர்க்கை தரும், டிப்ளமோ பிளஸ் டூவுக்கு இணை என்று காட்டும் இணைத்தகுதிச் சான்றுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், புள்ளிகளை விழுக்காடாக மாற்றிக் கேட்கும் அலுவலகத்தில் எந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்று எதையும் அவரால் சொல்ல முடியவில்லை. என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்கு மூன்று முறை போய்வந்தார். மகனுக்குக் கிடைத்தவை 31 புள்ளிகள், பொருளியலில் 6. அவன் விரும்பிய கல்லூரியில் பொருளியலே கிடைத்தது. எனினும் அந்த ஜூன் மாதம் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை.

நன்றாகப் படிக்கும், நம் நாட்டிலேயே பொறியியலோ மருத்துவமோ படிக்கத் தீர்மானித்துவிட்ட பிள்ளைக்கு இந்தப் பள்ளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்துக்கும் அலைச்சலுக்கும் ஈடான பயன் அவர்களுக்கு இல்லை. கேள்வி கேட்டுப் படிக்க விரும்பும் பிள்ளைக்கும், மற்ற இடங்களில் சோம்பேறி என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் நீச்சல் குளத்தையும் அரங்கத்தையும் தாமாகவே காட்டுவார்கள். கற்றல் ஆதரவு அறையை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கிருக்கும் ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக அந்தப் பள்ளியில் இருக்கிறார், அவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள், தேர்வுச் சலுகைக்கு எந்த மாதம் விண்ணப்பிக்கிறார்கள், அந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.